கடையைத் திறந்து வைத்துவிட்டுப் பிழைப்பது எப்படி? விரல் ஷா பற்றி ஒரு மதிப்பீடு

மீன்சுருட்டிக்காரனான எனக்குச் சொந்த ஏரி மாதிரிதான் பொன்னேரி. கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பக்கத்தில் இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் அது. அந்த ஏரிக்குத் தண்ணீர் எந்தெந்தப் பக்கமிருந்து வழிந்து வந்திருக்கும் என்று விடுமுறை நாட்களில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள், ஆராய்ச்சி வெறும் ஆசை. அந்தக் கணக்கு வழியாகத்தான் ஜூலியா என்கிற கணினி மொழி பழக்கமானது. அந்த மொழியை உருவாக்கிய நால்வரில் ஒருவர் இந்தியரான விரல் ஷா. (தமிழில் எழுதினால் கை விரல் மாதிரி இருக்கு, என்ன செய்ய!) அவருடைய தொழில் வாழ்க்கையை ஒரு பயனராக நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதே இந்தக் குறிப்பு.

முதலில் என் கணக்கு, அப்போதுதான் விஷயம் புரியும். 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பாகைச் சதுரத்துக்கு 3601 வரிசை, 3601 நெடுவரிசை. ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது அதிகச் சரிவு என்று பார்த்தால் தண்ணீர் அந்தப் பக்கம் போகும். வழியில் பொய்யான பள்ளங்கள் இருந்தால் நிரப்பிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அதுவும் பல சுற்று. சின்னப் பையனுக்கும் புரிகிற கணக்குதான். ஆனால் பைத்தானில் சாதாரண வளையமாக எழுதினால், ஓடவிட்டு டீக்கடைக்குப் போய் டீ குடித்து, பேப்பர் படித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது.

வேகம் வேண்டுமென்றால் நம்பை தருகிற அணிச் செயல்களாக மாற்றி எழுதணும். எல்லாக் கணக்கும் அப்படி மாறாது. பள்ளம் நிரப்புவதில் ஒரு கட்டத்தின் விடை பக்கத்துக் கட்டத்தைப் பொறுத்தது. கடைசியில் அந்தப் பகுதியை மட்டும் சி மொழியில் எழுத வேண்டிவரும். யோசிக்க ஒரு மொழி, ஓட ஒரு மொழி. அறிவியல் கணிப்பில் இதற்கு இரட்டை மொழிச் சிக்கல் என்று பெயர். பேராசிரியர் சுலப மொழியில் எழுதிக் கொடுப்பார், இன்னொருவர் அதைச் சி மொழியிலோ ஃபோர்ட்ரானிலோ திரும்ப எழுதுவார். இடையில் எது பிழை, எது கருத்து என்று யாருக்கும் தெரியாது.

விரல் ஷா இந்தச் சிக்கலுக்குள் இருந்தே வந்தவர். சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2007ல் முனைவர் பட்டம் பெற்றார். மேட்லாப் மாதிரி சுலபமாக எழுதியதைப் பெரிய இணைக் கணினிகளில் ஓட்டுகிற ஸ்டார்-பி என்கிற கருவியில் வேலை செய்தார். அது ஒரு கம்பெனியின் மூடிய பொருள். அந்தக் கம்பெனியை 2009ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதோடு அந்தப் பொருளின் கதையும் முடிந்தது. அதை நம்பிக் கணக்கு எழுதியவர்களின் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே 2009ல்தான் ஜெஃப் பெசன்சன், ஸ்டெஃபன் கார்பின்ஸ்கி, எம்ஐடி பேராசிரியர் ஆலன் எடல்மன், ஷா நால்வரும் ஜூலியாவைத் தொடங்குகிறார்கள். 2012 பிப்ரவரி 14 அன்று உலகுக்கு அறிவித்தார்கள். எம்ஐடி உரிமம், அதாவது எடு, மாற்று, விற்றாலும் வில், பெயரை மட்டும் அழிக்காதே. ஸ்டார்-பியில் பட்ட பாட்டுக்குப் பதில்தான் இந்த உரிமம் என்பது என் வாசிப்பு. அவர் அப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை, காலவரிசை அப்படிக் காட்டுகிறது.

மொழியின் உட்புறத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். ஜூலியாவில் ஒரு செயற்கூற்றை முதல் தடவை அழைக்கும்போது, என்ன வகைத் தரவு வந்திருக்கிறது என்று பார்த்து, எல்எல்விஎம் என்கிற கருவி மூலம் அந்த வகைக்கென்றே எந்திர நிரல் தயாராகிறது. ஒரே பெயரில் பல செயல்முறைகள் இருக்கலாம். உள்ளே வருகிற எல்லா மதிப்புகளின் வகையையும் சேர்த்துப் பார்த்து எது பொருத்தமோ அது ஓடும். அதனால் என் ஏரிக் கணக்கை வெறும் வளையமாக எழுதினாலே போதும். டீக்கடைக்குப் போக வேண்டிய வேலை உட்கார்ந்த இடத்தில் முடிந்தது. மாறிகளுக்கு நீர்மட்டம், சரிவு என்று தமிழிலேயே பெயர் வைத்தேன், ஏற்றுக்கொண்டது. (நியாயமாகச் சொன்னால் பைத்தானும் இதை ஏற்கும்.)

ஷாவின் வாழ்க்கையில் எனக்குச் சுவாரசியமானது நடுப்பகுதி. ஜூலியா வளர்ந்த காலத்தில் அவர் இந்தியாவில் ஆதார் திட்டத்தில் இருந்தார். அரசு மானியத்தை மக்கள் கைக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்புகளை வடிவமைக்கும் வேலை. நந்தன் நிலேகனியோடு சேர்ந்து 2015ல் 'ரீபூட்டிங் இந்தியா' என்ற புத்தகமும் எழுதினார். சூழலியலாளர் பிராட் மெக்ரேயோடு சேர்ந்து சர்க்யூட்ஸ்கேப் என்றொரு கருவி. காட்டை ஒரு மின்சுற்றாக வைத்துக்கொண்டு, விலங்கு நடமாட்டத்தை மின்னோட்டமாகக் கணக்கிடுவது. சாலையும் ஊரும் அதிகத் தடை, அடர்காடு குறைந்த தடை. மத்திய இந்தியாவின் புலி வழித்தட ஆய்வில் இது பயன்பட்டிருக்கிறது. இதையும் பிற்பாடு ஜூலியாவில் திரும்ப எழுதினார்கள். கணக்குக்காகக் கணக்கு என்று இல்லாமல், எங்கேயோ ஒரு காட்டுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் பயன்படுகிற கணக்கு. இந்த குணம் எனக்குப் பிடிக்கும்.

சரி, சோறு எங்கிருந்து வந்தது? இலவச மென்பொருள்காரர்களைப் பற்றி எழுதுகிற பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்து மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பிரபு ராமச்சந்திரன் வழி. சென்னை ஐஐடியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது மாயாவி என்ற முப்பரிமாணக் காட்சிக் கருவியை எழுதினார். பின்பு மும்பை ஐஐடியில் விமானப் பொறியியல் பேராசிரியர். சம்பளம் கல்லூரி தரும், மென்பொருள் ஊருக்கு. இரண்டு, டிராவிஸ் ஆலிஃபன்ட் வழி. பேராசிரியராக இருந்தபடியே நம்பையை எழுதினார். அதன் கையேட்டைச் சில காலம் விலைக்கு விற்று, பின்பு பொதுவில் விட்டார். கல்லூரி வேலையை விட்டுவிட்டு 2012ல் பீட்டர் வாங்கோடு சேர்ந்து, இன்று அனகோண்டா என்று பெயருள்ள கம்பெனியைத் தொடங்கினார். மென்பொருளைக் கட்டி, சோதித்து, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற வியாபாரம்.

மூன்றாவது ஷா வழி. மொழி நிலைபெற்ற பின், 2015ல் உருவாக்கியவர்களே சேர்ந்து ஜூலியா கம்ப்யூட்டிங் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் ஜூலியாஹப். தலைமை ஷா. மொழியைப் பொதுவில் வைத்துவிட்டு, மேகக் கணிப்பு, பொறியியல் உருவகம், மருந்து ஆய்வு போன்ற துறைகளில் மேலே கட்டிய பொருளுக்குக் காசு வாங்குவது. 2021ல் 2 கோடியே 40 லட்சம் டாலர் முதலீடு வந்தது. கிணறு ஊருக்குப் பொது, மோட்டார் போட்டு வயலுக்கு இறைத்துத் தருவதற்குக் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதனைப் பக்கம் சந்தேகமே இல்லை. 2017ல் செலஸ்ட் என்ற வானியல் திட்டம், கோரி என்ற மீக்கணினியில் ஜூலியா நிரலை ஒரு பெட்டாஃபிளாப்பைத் தாண்டி ஓட்டியது. நட்சத்திரங்களும் அண்டங்களுமாக 18 கோடியே 80 லட்சம் பொருட்கள், 15 நிமிடத்துக்குள். 2018 ஆகஸ்டில் 1.0 பதிப்பு வந்தது. 2019ல் எண்கணிப்பு மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசு பெசன்சன், கார்பின்ஸ்கி, ஷா மூவருக்கும் கிடைத்தது. நான்காண்டுக்கு ஒருமுறை தருகிற பரிசு அது.

இனி குறைகள். முதல் குறை, வேகத்தை முன்னால் வைத்து விற்றது. வேகம் என்பது எதிராளியும் வாங்கக்கூடிய சரக்கு. அதே எல்எல்விஎம்மை வைத்து நம்பா வந்தது, பிறகு ஜாக்ஸ், பைடார்ச் என்று பைத்தான் பக்கம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. உள்ளே இரண்டு மொழிதான், ஆனால் பயனர் கண்ணுக்கு ஒன்று. அது போதும் என்று உலகம் சொல்லிவிட்டது. அதே நேரத்தில் ஜூலியாவின் சொந்த வீட்டில், ஒரு படம் வரைய முதல் தடவை அரை நிமிடம் காத்திருக்கும் நிலைமை பல ஆண்டு நீடித்தது. தொகுத்த எந்திர நிரலைச் சேமித்து வைக்கும் வசதி 2023ல் 1.9 பதிப்பில்தான் வந்தது. வேகம் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வாசலில் நிற்கவைத்தால் வந்தவர் திரும்பித்தான் போவார்.

இரண்டாவது இன்னும் கனமானது. ஜூலியாவின் அழகே, ஒருவர் எழுதிய தொகுப்பும் முன்பின் தெரியாத இன்னொருவர் எழுதிய தொகுப்பும் பேசி வைக்காமலே சேர்ந்து ஓடுவது. ஆபத்தும் அதுவே. ஜூலியாவில் அணி 1ல் தொடங்கும் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று ஒரு தொகுப்பு அனுமதிக்கிறது. இரண்டையும் சேர்த்து, எல்லைச் சோதனையையும் வேகத்துக்காக அணைத்து வைத்திருந்தால், பிழைச் செய்தி வராது, தப்பான விடை வரும். 2022ல் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. எனக்கும் இதன் சின்னத் தம்பி ஒருவன் அறிமுகம். பைத்தானில் இருந்து கணக்கை மாற்றும்போது 0ஐ 1 ஆக்கியதில் ஓர் இடத்தைத் தவறவிட்டேன். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரிசை காணோம், அந்தப் பக்கத்து ஓடை பொன்னேரிக்கு வராமல் வேறெங்கோ போனது. தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தப் படத்தை இரண்டு வாரம் உண்மை என்று நம்பி, ஒரு நண்பருக்கு அனுப்பியும் வைத்திருந்தேன். அறிவியல் மென்பொருளில் தாமதமான விடையை மன்னிக்கலாம். தைரியமாகச் சொல்லும் தப்பு விடை வேறு ரகம். எல்லா அணிக்கும் பொதுவான ஒப்பந்தத்தை மொழியே கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதைவிட்டு, ஒவ்வொரு தொகுப்பாளரின் கவனத்தை நம்பியது இந்த நால்வரின் வடிவமைப்பில் பெரிய குறை.

மூன்றாவது எங்கள் பக்கத்துக் குறை. மானியத்தைக் கடைக்கோடி ஊருக்குக் கொண்டுபோகிற அமைப்பை யோசித்தவர், தன் மொழியை அங்கே கொண்டுபோக அதே அளவு யோசித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஜெயங்கொண்டம், அரியலூர் பக்கம் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் ஊருக்கு வரும்போது கேட்டிருக்கேன். பைத்தான் தெரியும், ஜூலியா பெயரே தெரியாது. ஐஐடிகளில் பைத்தான், சைலேப் போன்றவற்றைக் கல்லூரி கல்லூரியாகப் பரப்ப மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம் இருந்தது. பிரபு ராமச்சந்திரன் அதில் உழைத்தவர். சம்பளம் வாங்குகிற பேராசிரியருக்கு அதற்கு நேரம் இருந்தது. முதலீட்டாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைமை அதிகாரிக்கு, காசு தராத பயனர் கடைசியில்தான் வருவார். இது ஆளின் குற்றம் இல்லை, அந்த வழியின் விலை.

அப்படியானால் மொத்தத்தில்? நான் படித்த காலத்தில் ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினியில்தான் உரிமம் பெற்ற மேட்லாப். வரிசையில் நின்று, முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். எழுதிய கணக்கை வீட்டுக்கு எடுத்துவந்தாலும் ஓட்ட வழியில்லை. இருபது வருஷமாக வேலையில் எழுதிய நிரல் எல்லாம் கம்பெனிகளுக்குச் சொந்தம். அப்பா என்ன செய்தீர்கள் என்று என் பெண் கேட்டால் திறந்து காட்ட ஒரு வரி கிடையாது. இந்த இரண்டையும் வைத்துத்தான் ஷாவை எடைபோடுகிறேன். ஜூலியாஹப் நாளைக்கே மூடினாலும் 1 கோடியே 30 லட்சம் கட்டங்களில் ஓடுகிற என் கணக்கு ஓடும். மொழி ஊர்ச் சொத்தாகிவிட்டது. ஸ்டார்-பியோடு ஒப்பிட்டால் அவர் கடந்த தூரம் இதுதான், வேகமோ பரிசோ அல்ல. பைத்தானை வெல்லவில்லை என்பதை நான் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன். அந்த அணி விஷயத்தைக் கட்டாயம் எழுதுவேன்.

ஏரிக் கணக்கைத் திருத்திவிட்டேன். நண்பருக்கும் புதுப் படத்தை அனுப்பி, பழையதை அழிக்கச் சொல்லியாச்சு. எங்கள் பக்கம் தட்டை நிலம், ரேடார் உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கும் என்பதால் முடிவை இன்னும் முடிவு என்று சொல்லமாட்டேன். வரப்பு வரப்பாக நடந்து பார்க்கணும். நிரலை எம்ஐடி உரிமத்தில் பொதுவில் போடப்போகிறேன், மாறிகள் எல்லாம் தமிழில்தான் இருக்கும். ஓரத்து வரிசையை முதலில் சரிபாருங்கள்.