பீரங்கியை அப்புறம் பார்க்கலாம்

பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் லோங்-சூர்-மெர் என்றொரு ஊர். வயல் நடுவே நான்கு காங்கிரீட் கூடுகள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வைத்த 150 மி.மீ. பீரங்கிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. போகிற பலரும் நேரே பீரங்கிக் குழல் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் கடலைப் பார்த்து நடங்கள்.

ஏறக்குறைய 300 மீட்டர் தள்ளி, செங்குத்தான பாறை விளிம்பில், இரண்டு அடுக்குக் கண்காணிப்பு அறை ஒன்று இருக்கிறது. அதன் மேல்கூரை மெல்லிய இரும்புத் தூண்கள்மேல்தான் நிற்கிறது. சுவர் வைத்தால் பார்வை மறையும் என்பதற்காக அப்படி. கீழ் அறைக்குள் போய் நீண்ட பிளவு வழியே பாருங்கள். கடலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. கப்பல் எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் போகிறது என்று இங்கிருந்து கணக்குப் போட்டு, தொலைபேசிக் கம்பி வழியாகப் பீரங்கிக்காரர்களுக்குச் சொன்னார்கள். பீரங்கி 20 கிலோமீட்டர் வரை சுடும். ஆனால் அதற்குக் கண் இங்கே.

இனி அந்த 300 மீட்டரைத் திரும்ப மெதுவாக நடங்கள். என்னைக் கேட்டால், இந்த இடத்தில் ரசிக்க வேண்டியதே இந்த நடைதான். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய 1944 ஜூன் 6-க்கு முன் விழுந்த குண்டுகள், இந்த வழியே போன தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டன. கூடுகள் தாங்கின, பீரங்கிகளும் தாங்கின. ஆனால் அன்று காலை நேச நாட்டுக் கப்பல்கள் வந்து நின்றபோது, சரியாகக் குறி சொல்ல வழியில்லை. பிரிட்டனின் அஜாக்ஸ், பிரான்சின் ஜார்ஜ் லேக் போன்ற கப்பல்கள் திருப்பிச் சுட்டன. அன்று மாலைக்குள் பீரங்கிகள் ஓய்ந்தன. மறுநாள் பிரிட்டிஷ் படையிடம் இந்த இடம் சரணடைந்தது. நார்வேயிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை நீண்ட ஜெர்மானியக் கடலோர அரண் வரிசையான அட்லாண்டிக் சுவரின் பலமும் பலவீனமும் இந்தப் புல்தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

இப்போது பீரங்கியிடம் வாருங்கள். இது போர்க்கப்பலுக்காக வடிவமைத்த பீரங்கி. தலைக்கு மேல் இரண்டு மீட்டருக்குக் குறையாத காங்கிரீட். விமானத்துக்குப் பயந்து போட்டது. அதற்கு விலையும் கொடுத்தார்கள்: வெட்டவெளியில் நாலாபுறமும் திரும்பக்கூடிய பீரங்கி, கூட்டுக்குள் ஒரு விசிறி அளவுக்குத்தான் திரும்பும். குழலின் பக்கமாக நின்று வாசலின் இரு ஓரங்களையும் பாருங்கள், புரிந்துவிடும். நான்கு கூடுகளில் ஒன்று வெடித்துச் சிதறிக் கிடக்கிறது. காங்கிரீட்டுக்குள் கம்பி எவ்வளவு நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று அதில்தான் பார்க்க முடியும்.

கடைசியாகச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊரில் மச்சு போட்டு சென்ட்ரிங் பிரித்ததும், பூசுவதற்கு முன் பலகைத் தடம் தெரியுமே, அதே தடம். மரத்தின் ரேகை, பலகைக்கும் பலகைக்கும் நடுவே வழிந்து உறைந்த சிமென்ட் விளிம்பு, எல்லாம் அப்படியே. அட்லாண்டிக் சுவர் கட்ட, டோட் என்ற ஜெர்மானியக் கட்டுமான அமைப்பு கட்டாயப்படுத்திக் கொண்டுவந்த தொழிலாளர்களையும் ஏராளமாகப் பயன்படுத்தியது. பூச்சு இல்லாமலே விட்ட சுவர்கள் இவை. வெயில் சாய்ந்து விழும் மாலையில் அந்த ரேகைகள் நன்றாக எழும்பித் தெரியும். சுவருக்கென்று அரை மணி நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.