தம்புரா நின்ற பிறகும்

எம். எஸ். சுப்புலட்சுமியைப் பாராட்ட வருகிறவர்கள் ‘தெய்வீகக் குரல்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. வரமாக வந்தது பாதி என்றால், மீதிப் பாதி மதுரையில் ஒரு சின்ன வீட்டில் சிறுமி ஒருத்தி தானாகவே செய்துகொண்ட சாதகத்தில் விளைந்தது.

அந்தச் சாதகத்தைப் பின்னாளில் அவரே விவரித்திருக்கிறார். தம்புராவை மீட்டிக்கொண்டு சுருதியோடு சேர்ந்து பாட வேண்டும். நடுவில் மீட்டுவதை நிறுத்திவிட வேண்டும். துணையில்லாமல் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டே போய், மறுபடி தந்தியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்: குரல் அதே இடத்தில் நிற்கிறதா, இம்மியளவு நகர்ந்துவிட்டதா? பாடிப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். தம்புரா ஒலிக்கும்வரை காது சாய்ந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது. அது நின்றதும் குரல் தன்னையறியாமல் இறங்கும்; உற்சாகம் வந்தால் ஏறும். இரண்டும் நேராதபடி காதைப் பழக்கிக்கொள்ள அந்தக் குழந்தைக்கு யாரும் பிரம்பெடுத்து நிற்கவில்லை. முதல் குருவான மதுரை சீனிவாச ஐயங்கார் அடிப்படைப் பாடங்களைத் தொடங்கி வைத்துச் சீக்கிரமே காலமாகிவிட்டார். அதன் பிறகு தம்புராதான் வாத்தியார்.

1916 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர். வீட்டில் குஞ்சம்மா. பாட்டி அக்கம்மாள் வயலின் வாசிப்பவர். அம்மா சண்முகவடிவு வீணை. பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளும் ஊரும் அம்மாவும்தான். தேவதாசி மரபில் வந்த அந்தக் குடும்பத்தில் சங்கீதம் சோற்றோடு சேர்ந்து கிடைத்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்து அனுமந்தராயன் கோயில் தெரு. சாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரக்காரர்கள் சண்முகவடிவின் வாசலில் நின்று, அவர் கேட்க வேண்டுமென்றே மனசு வைத்து வாசிப்பார்களாம். சன்னலோரம் உட்கார்ந்தால் அடுத்த வீட்டு வானொலியில் இந்துஸ்தானி சங்கீதம் காதில் விழும். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோயிற்று. காதின் படிப்பு நிற்கவில்லை.

கிராமபோன் மேல் அவருக்கு இருந்த ஆசையைச் சொன்னால் அந்த வயது கண்முன் வந்துவிடும். காகிதத்தைச் சுருட்டிக் குழாய் செய்து, அதன் வாயில் மணிக்கணக்காகப் பாடிக்கொண்டிருப்பாராம். மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தவரை யாரோ தூக்கி, கையையும் பாவாடையையும் தட்டிவிட்டு, சேதுபதி பள்ளிக்கூடத்தில் அம்மா வீணை வாசித்துக்கொண்டிருந்த கச்சேரி மேடையில் உட்காரவைத்த கதையும் அவர் சொன்னதுதான். பாடி முடித்ததும் நினைப்பெல்லாம் மறுபடி விளையாட்டிலேயே இருந்ததாம். 1926-ல் அந்தக் காகிதக் குழாய்க்குப் பதில் நிஜக் குழாய் வந்தது. பத்து வயதில், அம்மாவின் வீணையோடு, முதல் இசைத்தட்டு.

1936-ல் மதுரையை விட்டுச் சென்னைக்குப் போனார். சினிமா அங்கே காத்திருந்தது. இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் ‘சேவாசதனம்’ 1938, பாடகர் ஜி. என். பாலசுப்ரமணியத்தோடு ‘சகுந்தலை’ 1940. அதே ஆண்டு சதாசிவத்தோடு திருநீர்மலையில் திருமணம். 1941-ல் ‘சாவித்திரி’யில் நாரதர் வேஷம் கட்டினார். ஆண் வேஷத்துக்கு அவர் சம்மதித்ததற்குக் காரணம், அந்தச் சம்பளத்தில் கணவர் சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் ‘கல்கி’ பத்திரிகை தொடங்க வேண்டியிருந்ததுதான். தமிழில் நான்கே படங்கள்தான்; நான்காவது, 1945-ல் வந்த ‘மீரா’.

‘மீரா’வில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த முகத்தின் மேல் விழும் வெளிச்சத்தை. இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் எம். எஸ்ஸின் தலையை அப்படியே பிளாஸ்டர் சிலையாக வார்த்து வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் விளக்கை வைத்தால் கன்னத்தில் எப்படி நிழல் விழுகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். தம்புராவை நிறுத்திச் சுருதி பார்த்த சிறுமிக்கு ஏற்ற தொழில்காரர்கள்! படத்தில் அவர் அதிகம் ‘நடிப்பதில்லை’. கண்ணை உருட்டுவதில்லை, கையை வீசுவதில்லை. கல்கி எழுதி எஸ். வி. வெங்கட்ராமன் இசையமைத்த ‘காற்றினிலே வரும் கீதம்’ ஒலிக்கும்போது, ‘கீ’ என்ற நெடில் மெதுவாக வளைந்து இறங்குகிற அளவுக்குத்தான் முகமும் மாறுகிறது. பாவம் முழுவதையும் குரலே சுமக்கிறது. முகம் குறுக்கே வராமல் ஒதுங்கி நிற்கிறது. இந்த அடக்கத்தைத்தான் நல்ல நடிப்பு என்பேன்.

கொரியாவில் இதற்கு ஓர் இணை உண்டு. பான்சோரி என்பது ஒரு பாடகர், ஒரு மத்தளக்காரர், ஒரு விசிறி என்று நடக்கும் பழைய கதைப்பாட்டு. கிம் சோ-ஹி என்ற மேதையிடம் அதைக் கற்ற ஓ ஜங்-ஹே, 1993-ல் இம் க்வோன்-தேக் எடுத்த ‘சோப்யொன்ஜே’யில் பாடகியாகவே நடித்தார். அங்கேயும் கதையைத் தாங்குவது பயின்ற தொண்டைதான். ஆனால் பான்சோரிக் குரலைக் கரகரக்கும்வரை உடைத்து உடைத்துத் துயரத்தை வரவழைப்பார்கள். மதுரைக்காரர் எதையும் உடைக்கவில்லை. கீறல் விழாத குரலிலேயே ஏக்கத்தைக் கொண்டுவந்தார். இரண்டில் இதுதான் கடினம் என்பது என் கட்சி.

1947-ல் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி அறிமுகம் செய்துவைத்த இந்தி ‘மீரா’வோடு சினிமாவுக்கு முழுக்குப் போட்டார். பிறகு வந்தவை ஊரறிந்தவை: 1966-ல் ஐ.நா. மேடை, 1968-ல் பெண்களில் முதலாவதாகச் சங்கீத கலாநிதி, 1998-ல் பாரத ரத்னா. அவற்றைவிட ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லவே ஆசை. மதுரை மீனாட்சி மேல் சியாமா சாஸ்திரி இயற்றிய சங்கராபரணக் கிருதி, ‘சரோஜதள நேத்ரி’. ஆலாபனையில் எம். எஸ். அவசரப்படுவதில்லை. ஒரு ஸ்வரத்தை வந்து அடையும் தருணத்தில் அதைச் சுற்றிக் காட்டுவதில்லை. நேராக அதன் நடுவில் வந்து நிற்கிறார். அகாரம் முழு வாயோடு திறந்து வருகிறது. அம்மனைச் சாமகானத்தில் மகிழ்பவளாகச் சொல்லும் சரண அடியில், அதையே விதவிதமாக விரித்துப் பாடும் நிரவல் தொடங்குகிறது. சொற்கள் சிதையாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி ஏறி, மேல் ஸட்ஜத்தில் போய் அமர்கிறார். சதாசிவத்தின் மகள் ராதா விஸ்வநாதன் கூடப் பாடும் பதிவு கிடைத்தால் அதையே எடுத்துக் கேளுங்கள். எம். எஸ். மூச்சுவாங்கும் இடத்தில் ராதா தொடர்கிறார்; இரண்டு குரல்களும் ஒட்டிய இடம் எது என்று எத்தனை கவனித்தாலும் பிடிபடாது.