தப்பியோட்டமும் மௌனமும்: அமெரிக்க அடிமைத் தன்வரலாறுகளைக் கற்பித்தல் குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோர் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பெருமளவில் வெளிவந்தன. இன்று இந்நூல்கள் இலக்கியம், வரலாறு ஆகிய இரு துறைகளிலும் பாடமாக வைக்கப்படுகின்றன. எனினும், வகுப்பறையில் இவற்றிலிருந்து பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுவது தப்பியோடிய நிகழ்ச்சி மட்டுமே. வேட்டை நாய்கள், இரவுப் பயணம், மாறுவேடம் முதலியன மாணவரின் ஆர்வத்தைத் தூண்டுவன என்பதில் ஐயமில்லை. ஆயின், இந்நூல்கள் தம்மை அவ்வாறு வாசிக்க இடம் தருகின்றனவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். மூவர் எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு இவ்வினா இங்கு ஆராயப்படுகின்றது.

சொல்லாமல் விட்ட செய்தி

பிரெடெரிக் டக்ளஸ் 1838ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பால்டிமோர் நகரிலிருந்து தப்பினார். 1845இல் வெளிவந்த அவருடைய முதல் தன்வரலாற்றில் அவர் எவ்வாறு தப்பினார் என்பது கூறப்படவில்லை. தமக்கு உதவியோருக்குத் துன்பம் நேரும் என்பதும், அதே வழியைப் பிறர் பயன்படுத்த இயலாது போகும் என்பதும் அவர் காட்டும் காரணங்கள். மாலுமி உடையணிந்து, நண்பர் ஒருவரின் மாலுமிச் சான்றிதழைக் கைக்கொண்டு, இரயிலேறிச் சென்ற செய்தியை அவர் விரிவாக வெளியிட்டது 1881இல்தான். அடிமை முறை 1865இலேயே ஒழிந்துவிட்டிருந்தது.

கதையின் உச்சம் என வாசகர் எதிர்பார்க்கும் இடத்தில் ஆசிரியர் வேண்டுமென்றே மௌனம் காக்கின்றார். இம்மௌனத்தை நூலின் குறையாகக் கருதி, பிற்காலச் செய்தியைக் கொண்டு அதனை உடனே நிரப்பிவிடும் ஆசிரியர், நூலின் மிகச் சிறந்த பாடத்தை இழந்துவிடுகின்றார். எழுதும் வேளையில் டக்ளஸ் சட்டப்படி இன்னும் ஒருவரின் உடைமை. பிறர் பணம் கொடுத்து அவரது விடுதலையைப் பெற்றது 1846இல். அவர் காத்த மௌனம், நூலை வாசிக்காத, வாசிக்கவும் இயலாத மக்களுக்காகக் காக்கப்பட்ட மௌனமாகும்.

பெட்டியும் அதற்கு வெளியே நின்றோரும்

1849ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹென்றி பிரவுன் மூன்றடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றினுள் அடங்கி, ரிச்மண்ட் நகரிலிருந்து பிலடெல்பியாவுக்குச் சரக்காக அனுப்பப்பட்டார். 27 மணிநேரம் நீடித்த இப்பயணத்தால் 'பாக்ஸ்' என்பது அவர் பெயரின் பகுதியாயிற்று. மாணவர் எளிதில் மறவாத நிகழ்ச்சி இது. ஆயினும் இரண்டு செய்திகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

முதலாவது, அவர் பெட்டிக்குள் புகுந்ததன் காரணம். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய மனைவியும் மக்களும் விற்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். இரண்டாவது, அந்நிகழ்ச்சி புகழ் பெற்றதன் விளைவு. அவரை அனுப்பிவைத்த சாமுவேல் ஸ்மித், மீண்டும் அவ்வாறே வேறு சிலரை அனுப்ப முயன்று பிடிபட்டுச் சிறைசென்றார். இவ்வழி வெளிப்படாதிருந்தால் இன்னும் பலர் அதனைப் பயன்படுத்தியிருக்கக் கூடும் எனத் தமது 1855ஆம் ஆண்டு நூலில் டக்ளஸ் வருந்துகின்றார். பெட்டியின் அளவை மட்டும் மனத்தில் கொள்ளும் மாணவர் ஒரு விந்தையை அறிவார். அதன் விலையை அறியார்.

ஓடாமல் தப்பியவர்

ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் லிண்டா பிரென்ட் என்னும் புனைபெயரில் வெளியிட்ட நூல், தப்பியோட்டம் என்ற சொல்லையே மறுஆய்வுக்கு உட்படுத்துகின்றது. உரிமையாளரின் பாலியல் கொடுமையிலிருந்து தப்ப 1835இல் தலைமறைவான அவர், வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் தம் பாட்டியின் வீட்டுக் கூரைக்கடியில் ஏறத்தாழ ஏழாண்டுகள் மறைந்திருந்தார். அவ்விடம் ஒன்பதடி நீளமும் ஏழடி அகலமும் கொண்டது. மிக உயர்ந்த பகுதியிலும் மூன்றடியே உயரம். நிமிர்ந்து நிற்க இயலாத அவ்விடத்தில் தாமே இட்ட சிறு துளை வழியாகத் தம் மக்களைக் கண்டார், பேச இயலவில்லை. 1842இல்தான் கப்பலில் வடக்கே சென்றார்.

அவரைப் பிடித்துத் தருவோருக்கு 100 டாலர் அளிப்பதாக உரிமையாளர் 1835இல் நாளிதழில் விளம்பரம் செய்தார். அவர் சரளமாகப் பேசுபவர், தையலில் வல்லவர் என்று அதில் குறிப்பிடும் உரிமையாளர், அவர் காரணமேதுமின்றி ஓடிவிட்டதாகவும் கூறுகின்றார். விளம்பரத்தையும் நூலையும் அருகருகே வைத்து வாசிக்கச் செய்வதே சிறந்த பயிற்சியாகும். 'காரணமேதுமின்றி' என்ற கூற்றுக்கு நூல் முழுவதும் விடையாக அமைகின்றது.

இந்நூல் நெடுங்காலம் புனைகதையெனவே கருதப்பட்டது. 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் கடிதங்களையும் பிற ஆவணங்களையும் கொண்டு அதன் உண்மைத்தன்மையை நிறுவினார். அடிமைப்பட்ட பெண்ணின் சான்றுரை ஏற்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதும் மாணவர் அறிய வேண்டியதே.

கற்பித்தலில் கருதத்தக்கவை

1860ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். தப்பி வடக்கை அடைந்தோர் அவருள் மிகச் சிறு பகுதியினர். பெரும்பாலோர் இளம் ஆடவர். துணிவுக்கு அளவுகோல் தப்பியோட்டமே எனக் கற்பித்தால், குழந்தைகளை விட்டுச்செல்ல மனமின்றித் தங்கிவிட்ட தாய்மார் துணிவற்றோராகத் தோன்றுவர். இஃது அம்மக்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

சுவைக்காகச் சான்றற்றவற்றைச் சேர்ப்பதும் தவிர்க்கத்தக்கது. ஒட்டுத்துணிப் போர்வைகளின் வடிவங்கள் தப்பிச்செல்வோருக்கு இரகசியக் குறியீடாகப் பயன்பட்டன என்ற கருத்து, 1999இல் வெளிவந்த நூலொன்றால் பள்ளிகளில் பரவியது. அக்காலச் சான்று இன்மையால் வரலாற்றறிஞர் பலர் அதனை ஏற்பதில்லை. அதற்கு மாறாக, பிலடெல்பியாவில் தப்பி வந்தோரை நேரில் விசாரித்து வில்லியம் ஸ்டில் எழுதிவைத்து, 1872இல் நூலாக்கிய பதிவுகள் உள்ளன. பழைய பெயர், புதிய பெயர், விட்டுவந்த உறவினர் ஆகியவற்றை அவர் குறித்துவைத்தார். தம்மிடம் வந்த ஒருவர் தம் சொந்த அண்ணனே என்பதை 1850இல் அவர் அறிய நேர்ந்தது. பிரிந்த குடும்பங்கள் மீண்டும் சேர வழி வேண்டும் என்ற எண்ணம் அவரது பதிவுகளுக்கு உரமாயிற்று.

நம் வகுப்பறைகளில் இப்பாடம் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை நினைவூட்டுவது இயல்பே. மலாயாவில் 1910 வரை நீடித்த இந்தியர் ஒப்பந்த முறையிலும் தோட்டத்தை விட்டு ஓடுதல் தண்டனைக்குரியதாக இருந்தது. எனினும் ஒப்பந்தத்திற்குக் காலவரம்பு உண்டு. அடிமைத் தாயின் குழந்தையோ பிறக்கும்போதே உடைமையாயிற்று. இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டையும் ஒன்றெனக் கூறுவதால் இருவர் துன்பமும் தெளிவு பெறாது.

முடிவுரை

தப்பியோட்டக் கதைகளை வகுப்பறையிலிருந்து நீக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவர் எவ்வாறு தப்பினார் என்ற வினாவுடன் நில்லாது, எதனை மறைத்தார், யாரை விட்டுச்சென்றார், யார் தங்கினார் என்னும் வினாக்களையும் மாணவர் எழுப்பப் பழக வேண்டும். டக்ளஸ் மௌனம் காத்த பக்கம் அவ்வினாக்களைத் தொடங்குவதற்கு ஏற்ற இடமாகும்.