அச்சில் இல்லாத ஆதாரம்

1586இல் அச்சான ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் கிடந்ததைத் தனிநாயகம் அடிகள் கண்டெடுத்தார். அண்ட்ரிக் அடிகளார் அதை எழுதியது எங்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக. யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களின் வழிவந்தவர்கள் பெரியதாழையில் இருக்கிறோம். புத்தகம் ரோமில் இருந்தது.

தனிநாயகம் ஈழத்தில் 1913இல் பிறந்தவர். ரோமில் படித்துக் குருவானவர். தமிழை முறையாகக் கற்றதோ எங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத வடக்கன்குளத்தில் ஆசிரியராக வந்த பிறகுதான். பிறகு அவர் தொடங்கியவற்றைப் பாருங்கள்: தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம், 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ ஆங்கில இதழ், 1964இல் டெல்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் அதன் முதல் மாநாடு. அரசு எதுவும் முன்கை எடுக்காதபோது ஒரு மொழிக்கு உலக அரங்கில் நாற்காலி போட்டுக் கொடுத்தவர். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அவர் தேடியது அச்சை. 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் செபநூலை அவர் அறிமுகப்படுத்தினார். அதைத் தயாரித்த மூன்று ஆண்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அந்தச் செபங்களை வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? அந்தக் கேள்விக்கு நூலகப் பட்டியலில் இடமில்லை. அவர் உருவாக்கிய ஆய்வு மரபும் இந்தப் பழக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது: ஏடு, நூல், கல்வெட்டு. மும்பையில் 1988இல் அம்பை தொடங்கிய ‘ஸ்பாரோ’ பெண்களின் குரலையே ஆவணமாகச் சேர்த்தபோதுதான், நிறுவனம் வேறு விதமாகவும் இருக்கலாம் என்பது எனக்குப் புரிந்தது.

என் ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. மீன் விற்றுவிட்டு வந்து, பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விசுவாச மந்திரத்தை இன்றைய கோயில் புத்தகங்களில் இல்லாத சொற்களோடு சொல்வாள். என் ஆய்வேட்டில் அதை அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். வழிகாட்டி “இதற்கு அச்சு ஆதாரம் இருக்கிறதா?” என்று கேட்டார். நீக்கிவிட்டேன், பட்டம் வேண்டியிருந்தது. அப்போது ஆச்சி உயிரோடு இருந்தாள், போய்ப் பதிவு செய்திருக்கலாம். கைப்பேசியில் இப்போது இருப்பது பதினொரு நிமிடம் மட்டும், அதிலும் பாதி கடல் இரைச்சல்.