மூன்றாம் கிளாரினெட்

செவ்வாய்க்கிழமை என்றால் காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவாது. அலுவலகத்தில் மீட்டிங் எவ்வளவு இழுத்தாலும் அன்றைக்கு மட்டும் எரிச்சல் வருவதில்லை. சாயங்காலம் ஏழரைக்கு நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து பேண்டு அறைக்குப் போய்விடுவேன். ஐம்பது பேருக்கு மேல் கூடுவோம். யாருக்கும் இதில் சம்பளம் இல்லை. வருடச் சந்தாவை நாங்கள்தான் கட்டுகிறோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதுபோல ட்யூபாவை மடியில் நிறுத்துவார். ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட் முடித்த நர்ஸ் ஒருவர் யூனிஃபார்மோடு ஓடி வந்து டிரம்பெட் பெட்டியைத் திறப்பார். நான் மூன்றாம் கிளாரினெட். பெரும்பாலும் மெட்டு எங்களுக்கு வராது. அந்த நாற்காலிக்கு ஈடாக இன்னொரு இடம் எனக்கு இந்த உலகத்தில் இல்லை.

கும்பகோணத்தில் வளர்ந்தவள் நான். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் போனால் தெருமுனை வரை பின்னாலேயே போவேன். ரேடியோவில் ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட் வாசித்தால் அப்பா வால்யூமைக் கூட்டுவார். மேல்நாட்டு வாத்தியத்தில் அவர் கமகத்தைக் குழைத்துக் குழைத்து எடுத்ததற்கு மியூசிக் அகாடமி 2008-இல் சங்கீத கலாநிதி கொடுத்தது. ஆனால் நம் பக்கத்தில் இசைக்கு இரண்டே வாசல்கள். ஏழு வயதில் சேர்ந்து மேடை வரை போகவேண்டும்; இல்லாவிட்டால் ரசிகையாக உட்கார்ந்து தாளம் போடவேண்டும். வாசித்துப் பார்க்கும் ஆசைக்காக மட்டும் வாசிக்க மூன்றாவது வாசல் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வாசலை அமெரிக்காவில் அகலத் திறந்துவைத்தவர்களில் ஒருவர் ராய் எர்ன்ஸ்ட். ரோசெஸ்டர் நகரத்தின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளிப் பேராசிரியர். வாத்தியத்தையே தொட்டிராத பெரியவர்களும் சேரலாம் என்று 1991-இல் 'நியூ ஹொரைசன்ஸ்' என்ற பேண்டைத் தொடங்கினார். அதைப் பார்த்துப் பல ஊர்களில் அதுபோன்ற பேண்டுகள் கிளைத்தன. அதே எண்ணத்தில் எங்கள் ஊரில் நடந்த வகுப்பில்தான் நாற்பத்தாறாவது வயதில், மாத வாடகைக்கு எடுத்த கிளாரினெட்டோடு போய் உட்கார்ந்தேன். ஓராண்டு அங்கே. பிறகு ஊர் பேண்டு. தேர்வெல்லாம் வைக்கவில்லை. "உள்ளே வாங்க" என்றார்கள், அவ்வளவுதான்.

அந்த வாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் காற்றை அழுத்தி ஊதினால் அதே சுரம் மேல்ஸ்தாயியில் வரும். கிளாரினெட் அப்படி இல்லை. கீழ் ஸட்ஜத்தை ஊதிக்கொண்டே இடது கட்டைவிரல் சாவியை அழுத்துங்கள்: மேல் ஸட்ஜத்தைத் தாண்டிக் குதித்து, மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தில் போய் நிற்கும்! ஒரு முனை அடைத்த நேர்குழாயின் குணம் அது. இரண்டு ஸ்தாயிகளுக்கு நடுவே ஓர் ஓடை மாதிரி. மேல்கரையின் முதல் சுரத்துக்கு, திறந்து கிடக்கும் அத்தனை துளைகளையும் ஒரே நொடியில் விரல்கள் மூடவேண்டும். ஒரு விரல் நூலளவு பிசகினாலும் கீச்சென்று கத்தும். மூன்று மாதம் அந்தக் கீச்சோடு போராடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறிக்கொண்டிருக்க, ஓடையைத் தாண்டி அக்கரையில் சுரம் வழுக்காமல் இறங்கியது. இருபது தடவை திரும்பத் திரும்ப வாசித்தேன். அத்தனை தடவையும் வந்தது.

கும்பகோணத்துக்கு போன் போட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா சின்ன வயதில் முறையாகப் பாட்டு கற்றவள். "இந்த வயசுல பீப்பியாடி?" என்று சிரித்தாள். ஊர் பேண்டில் சேர்ந்ததும் என் பகுதியை வாசித்தேன். நாலு எண்ணிக்கை ஒரே சுரம், நாலு எண்ணிக்கை மௌனம், மறுபடி அதே சுரம். "இதுல பாட்டு எங்கடி இருக்கு?" என்றாள். நியாயமான கேள்வி. பதில் எனக்குக் கிடைத்தது ஒத்திகையில்.

சுருதி சேர்ப்பது பி ஃபிளாட்டுக்கு, நம் கணக்கில் ஆறரைக் கட்டை. முதலில் ட்யூபா. அது தரை. அதன்மேல் டிராம்போன்கள், அதன்மேல் சாக்ஸபோன்கள், கடைசியாக நாங்கள். ட்யூபாவில் ஸட்ஜம், டிராம்போனில் பஞ்சமம், மூன்றாம் கிளாரினெட் வாசிக்கும் எங்கள் நால்வருக்கும் அந்தர காந்தாரம். எல்லாரும் சரியாகத்தான் ஊதினோம், ஆனாலும் சத்தத்தில் ஒரு நடுக்கம். கண்டக்டர் எங்களைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி இறக்கினார்: காந்தாரத்தைத் துளி தாழ்த்துங்கள். தாடையை லேசாகத் தளர்த்தினேன். மயிரிழை இறங்கியிருக்கும். நடுக்கம் நின்றது. நின்றதோடு இல்லை, அறையே ஒரே நாதமாகத் திறந்துகொண்டது. நன்றாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே காந்தாரம் ஒலிக்கும், சுயம்பு காந்தாரம் என்பார்களே, வெளியே உட்கார்ந்து எத்தனையோ கச்சேரிகளில் நான் காது தீட்டிக் கேட்ட அதே காந்தாரம். இப்போது அதற்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். அது என் மூச்சில் ஓடுகிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

சபையில் முதல் வரிசை டிக்கெட் வாங்கினாலும் இது கிடைக்காது. முதுகுக்குப் பின்னால் டிராம்போன் அதிர்வதை நாற்காலி வழியாகக் கேட்கவேண்டும்!

பக்கத்து நாற்காலி ஒரு கணக்கு டீச்சருக்கு. ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது. இருவருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே தாள். எங்கே மூச்சு எடுக்கவேண்டும் என்று பென்சிலில் சின்னக் குறி போடுவார். வேகம் மாறப்போகிற இடங்களில் இரண்டு வட்டமும் நடுவில் ஒரு வளைவும் வரைவார், மூக்குக்கண்ணாடி. 'தாளை விட்டுக் கண்டக்டரைப் பார்' என்று அர்த்தம். பழைய தாள்களில் எங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வரைந்த கண்ணாடிகளும் மங்கலாக இருக்கும். அவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் அவர்கள் தடுமாறிய இடத்தில்தான் நானும் தடுமாறுகிறேன்.

வாசிக்கும் உருப்படிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1909-இல் பேண்டுக்கென்றே எழுதிய முதல் ஸ்வீட் (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை), ஈ ஃபிளாட்டில், அதாவது இரண்டரைக் கட்டை. அதன் முதல் பகுதியில் ட்யூபாவும் யூஃபோனியமும் அடித்தொண்டையில் ஒரு மெட்டை எடுக்கும். மூன்று எண்ணிக்கை ஒரு பார், அப்படி எட்டு பார், அவ்வளவே. அந்த எட்டு பார் முடிய முடியத் திரும்பி வரும். கை மாறும், மேலே ஏறும், நடுவில் தலைகீழாகத் திரும்பித் துக்கமாகும். கடைசியில் அத்தனை வாத்தியமும் சேர்ந்து ஒரே மலையாக எழும்பும்போது அறையில் யாருக்கும் வயதில்லை. அந்த முடிவை வாசித்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வராது. வரவும் வேண்டாம்.

வருடத்தின் உச்சம் ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, பூங்காவில். காற்று தாளைப் புரட்டாமல் இருக்க ஆளுக்கு நாலு துணி கிளிப் கொண்டு போவோம். புல்லில் மடக்கு நாற்காலிகள், குழந்தைகள், நாய்கள். சூசா 1896-இல் எழுதிய 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்' இல்லாமல் அந்த நாள் முடியாது. பிக்கலோக்காரர்கள் எழுந்து நின்று வாசிக்கிற இடம் வந்ததும் கூட்டம் கைதட்டத் தொடங்கிவிடும்.

ஒரு வருடம் அம்மா வந்திருந்தாள். அன்றைக்கு 'மை கன்ட்ரி, டிஸ் ஆஃப் தீ' வாசித்தோம். பிரிட்டனின் தேசிய கீதத்துக்கும் அதே மெட்டுதான். தீட்சிதர் அதற்கு 'ஸந்ததம் பாஹிமாம்' என்று சாகித்யம் செய்திருக்கிறார், மேல்நாட்டு மெட்டுகளுக்கு அவர் எழுதிய நொட்டுஸ்வரங்களில் ஒன்று. வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். மடக்கு நாற்காலியில் அம்மாவின் உதடுகள் சமஸ்கிருதத்தில் அசைந்துகொண்டிருந்தன. சுற்றிலும் ஊரே ஆங்கிலத்தில் பாட, அவள் மட்டும் அம்பாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கச்சேரி முடிந்து கிளாரினெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"உன் சத்தம் எதுன்னே தெரியலையேடி."

"கடைசிப் பாட்டு முடியறப்போ காந்தாரம் கேட்டுச்சாம்மா?"

கொஞ்சம் யோசித்தாள். "கேட்டுச்சு. தம்புரா மாதிரி, நெறைஞ்சு."

"அது நாங்க நாலு பேரும்மா. அதுல கால்வாசி நான்."