இசையாராய்ச்சியும் டாக்டர் பட்டமும்

“ஊதத் தெரிந்தவனுக்குப் பட்டம் எதற்கு? ஊதத் தெரியாதவனுக்குப் பட்டம் இருந்துதான் என்ன பயன்?”

எங்கள் தோட்டத்துக் கோயிலில் நாற்பதாண்டுகளாக நாதசுரம் வாசித்து வரும் பெரியவர் கேட்ட கேள்வி இது. அவருடைய மகள் இசையிலே பி. ஏ. தேறியவள். மேலும் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற வேண்டுமென்பது அவளது விருப்பம். தந்தைக்கோ அதில் நம்பிக்கையில்லை. ஆங்கிலம் கற்ற கிராணி என்னும் காரணத்தால் என்னை நடுவனாக அழைத்தனர். பெரியவரின் கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆதலின், பட்டத்தை நாடாது எழுந்த தமிழ் நூல்கள் இரண்டையும், பட்டத்தின் பொருட்டு எழுந்த ஆராய்ச்சி ஒன்றையும் சீர்தூக்கிப் பார்த்து விடை காண்போம்.

முதலாவது, தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’. 1917ல் வெளிவந்தது, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. பண்டிதர் எந்தச் சர்வகலாசாலையிலும் இசையாராய்ச்சி செய்தவரல்லர். சித்த மருத்துவத்தால் ஈட்டிய பொருளைச் செலவிட்டு, 1912 முதல் தஞ்சையில் சங்கீத மாநாடுகளைக் கூட்டினார். ஒரு தாயியிலுள்ள சுருதிகள் இருபத்திரண்டே என்று பலரும் ஓதி வந்த காலத்தில், அவை இருபத்துநான்கு என்று கணக்கிட்டு வாதாடினார். 1916ல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டிலும் தம் கொள்கையை எடுத்துரைத்தார். பழைய நூலில் எழுதியிருப்பது என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாது கணக்கையும் காதையும் சான்றாகக் கொண்ட அத்துணிவு போற்றத்தக்கது. ஆயினும் குறையையும் மறைத்தலாகாது. சுருதியை ஆராயப் புகுந்த நூல், கடல் கொண்ட இலெமூரியாக் கண்டத்தையும் ஐயமின்றித் துணைக்கு அழைக்கின்றது. “இதற்குச் சான்று யாது?” என்று கேட்கும் கண்டிப்பான ஆசிரியர் ஒருவர் அருகிலிருந்திருப்பின், அப்பகுதி சுருங்கி, சுருதியாராய்ச்சி இன்னும் ஒளி பெற்றிருக்கும்.

இரண்டாவது, விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’. இலங்கையிலே காரைதீவிற் பிறந்த அடிகள் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டதாரி. சிதம்பரத்து அண்ணாமலைச் சர்வகலாசாலையில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர். ஆயினும் இந்நூலை அவர் இயற்றியது டாக்டர் பட்டத்திற்காக அன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் அடிப்படையாகக் கொண்டு, வழக்கொழிந்த யாழின் நரம்புகளையும் பாலைகளையும் கணிதத்தால் மீட்க முயன்றார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய அந்நூல் 1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். படிப்போர் தாமே மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்க்கத்தக்க முறையில் எழுதியிருப்பதே இந்நூலின் சிறப்பு. கேள்வி கேட்போர் வெளியிலிருந்து வரவில்லை. அடிகளுடைய விஞ்ஞானப் பயிற்சியே உள்ளிருந்து கேட்டது. அத்தகைய பயிற்சி வாய்த்தவர் ஆயிரத்தில் ஒருவரே. ஏனையோருக்குக் கேள்வி கேட்கும் ஏற்பாடொன்று வேண்டும்.

அந்த ஏற்பாடே டாக்டர் பட்ட ஆராய்ச்சி என்பது. மாணவர் ஒரு பொருளை வரையறுத்துக் கொள்கிறார். முன்னோர் எழுதியவற்றைப் பயில்கிறார். களத்திற்குச் சென்று கலைஞரிடம் கேட்டும் கண்டும் குறிப்பெடுக்கிறார். ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதுகிறார். முடிவில் தேர்வாளர் முன் அமர்ந்து, தாம் எழுதியதற்குச் சான்று காட்டுகிறார். “ஊதத் தெரியுமா?” என்ற கேள்வியும் அங்குக் கேட்கப்படாததன்று. அமெரிக்கப் பேராசிரியர் மாண்டில் ஹூட், அயலாரின் இசையை ஆராய்வோர் அதனை வாசிக்கவும் கற்க வேண்டுமென 1960ல் வற்புறுத்தி எழுதினார். அவருடைய சர்வகலாசாலையிலேயே இராபர்ட் பிரௌன், தமிழ் வித்துவானிடம் மிருதங்கம் பயின்று, 1965ல் அதைப்பற்றியே டாக்டர் பட்ட ஆராய்ச்சி எழுதினார்.

நாம் எடுத்துக்கொண்ட மூன்றாவது, ஜப்பானியராகிய யோஷிதாகா தெராதா 1992ல் அமெரிக்காவின் வாஷிங்டன் சர்வகலாசாலைக்கு எழுதியது. பொருள் யாது? நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை! ஒத்தை நீக்கித் தம்புராவை வைத்துக்கொண்டவர். வாய்ப்பாட்டுக்காரருக்குச் சமமாக மேடையில் அமர்ந்து வாசித்தவர். அவ்வொரு மனிதரையே பிராமண வித்துவான்கள் ஒருவாறும், இசைவேளாளர் வேறொருவாறும் நினைவுகூர்வதைத் தெராதா ஆராய்ந்து காட்டினார். கலையிலே சாதியில்லை என்று மேடைதோறும் முழங்குவோர் இதற்கு என்ன விடை கூறுவர்? நம் சபைகள் பேசக் கூசியதை அயல்நாட்டு மாணவர் ஒருவர் சான்றோடு எழுதினார். பட்ட ஆராய்ச்சியின் பெருமை இது. ஆனால் எழுதியது ஆங்கிலத்தில். எவருடைய வாழ்வைப் பற்றியதோ, அவர்தம் வீடுகளில் அதனை நேரே படிக்கவல்லார் எத்தனை பேர்? படிக்க இயலாதவர் மறுத்துரைப்பதெங்ஙனம்? தேர்வாளர் கேட்கும் கேள்விகளைப் போலவே, வாசிப்பவர் கேட்கும் கேள்விகளும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை. அவை வராதவரை எந்தப் பட்டமும் பாதிப் பட்டமே.

தெராதா இதே பொருள் பற்றி 2000ல் வெளியிட்ட கட்டுரையின் கருத்தைப் பெரியவருக்குத் தமிழிலே எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பின்பு, “இது எங்கள் வீட்டுக் கதை, ஐயா. இதை எழுத ஜப்பானிலிருந்தா ஆள் வர வேண்டும்?” என்றார். மகள் உடனே, “அதனால்தானே அப்பா நான் படிக்கிறேன் என்கிறேன்” என்றாள். அதற்கு மேல் நடுவனுக்கு அங்கு வேலையில்லை.

அன்பர்களே! பிள்ளை மருத்துவம் படிக்கக் கடன் வாங்குகிறோம். சட்டம் படிக்க நகையை விற்கிறோம். இசையாராய்ச்சி என்றால் மட்டும், “சோறு போடுமா?” என்கிறோம். தோட்டத்து நாதசுரமும் தப்பும் உறுமியும் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை, வாசிப்பவரோடு மறைபவை. அவற்றைக் காதால் அறிந்த நம் வீட்டுப் பிள்ளையே முறையான ஆராய்ச்சியும் கற்றால், அயலார் பத்தாண்டில் அறிவதை ஐந்தாண்டில் அறியலாம். ஆராய்ச்சிக்குப் புகுவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். சர்வகலாசாலைக்கு எம்மொழியில் எழுதினும், அதன் சாரத்தைத் தமிழில் எழுதி, தமக்குச் சொல்லித் தந்த கலைஞரிடம் படித்துக் காட்டுக. அவர் “தவறு” என்று சொல்லும் இடத்தைத் திருத்துக. திருத்த இயலாதாயின் காரணம் கூறுக. அவ்வாறு பெற்ற பட்டத்தை எங்கள் பெரியவரும் ஒப்புக்கொள்வார்.