தமிழ் அடுக்கு மட்டும் போதுமா?
சப்ரகமுவத் தோட்டங்களும் பன்மைப் பண்பாட்டு நூலகச் சேவையும்

இலங்கையில் பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோதான் கட்டடம் கட்டுகிறது, நூல் வாங்குகிறது. ஒரு பிரதேசத்தில் வாழும் பல மொழியினரையும் பல மதத்தினரையும் நூலகம் எப்படி நடத்துகிறது என்பதற்கும் அந்தச் சபையே பதில் சொல்ல வேண்டும். சப்ரகமுவ மாகாணத்தில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானை, கஹவத்தை, பலாங்கொடை, நிவித்திகலைப் பகுதிகளிலும், கேகாலை மாவட்டத்தின் தெரணியகலை, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை, புலத்கொஹுபிட்டியப் பகுதிகளிலும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நம்பி மலையகத் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். நுவரெலியாவில் போல அவர்கள் இங்கே பெருந்திரளாக இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தோட்டம் தோட்டமாகச் சிதறி இருக்கிறார்கள்.

பல பண்பாட்டு மக்களுக்குச் சேவை செய்வது எப்படி என்று நூலகர்களுக்குச் சொல்லும் வழிகாட்டிகள் உலக அளவில் உள்ளன. அவற்றின் சாயலில் நம் நாட்டிலும் சில நடைமுறைகள் வேரூன்றியுள்ளன. அவை சப்ரகமுவவில் எவ்வளவு தூரம் பலன் தருகின்றன, எங்கே தவறுகின்றன என்று எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுக்கில் எத்தனை தமிழ் நூல் உண்டு என்று எண்ணிப் பார்த்து நாம் பன்மையை அளந்துகொண்டிருக்கிறோம். தோட்டத்திலிருந்து எத்தனை பேர் அந்த நூலகத்துக்குள் வந்து நூல் எடுத்துப் போக முடிகிறது என்பதே சரியான அளவுகோல்.

வழிகாட்டிகளின் பலம்

சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா, பன்மைப் பண்பாட்டு நூலகத்துக்கான கொள்கை அறிக்கையை 2006இல் ஏற்றது. 2009இல் யுனெஸ்கோ அதற்கு ஒப்புதல் அளித்தது. அந்த அறிக்கையின் அடிப்படைகள் சிறப்பானவை. எந்தப் பண்பாட்டுப் பின்னணியுடையவர் ஆனாலும் ஒரே தரத்தில் சேவை பெற வேண்டும். அவரவர் மொழியிலும் அவரவருக்குப் பொருந்தும் வடிவத்திலும் தகவல் கிடைக்க வேண்டும். நூலகப் பணியாளர்களே அந்தச் சமூகத்தின் பன்மையைப் பிரதிபலிக்க வேண்டும். வாய்மொழி மரபையும் காக்க வேண்டும். ஒதுக்கப்பட்டோரை நூலகமே தேடிச் செல்ல வேண்டும். இவற்றில் எதுவும் தோட்டத் தொழிலாளிக்கு வேண்டாதது என்று யாரும் சொல்ல முடியாது.

இவற்றில் மிகவும் போற்றத்தக்கது, சிறிய குழுக்களை விகிதாசாரக் கணக்கில் அடக்கிவிடக் கூடாது என்ற தெளிவு. இஃப்லாவின் சேவை வழிகாட்டி, எண்ணிக்கையில் குறைந்த மக்களுக்குத் தலைக்கு இத்தனை நூல் என்ற பொது அளவைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறது. நூறு பேருக்கு நூறு நூல் என்று கணக்கிட்டால் அந்த நூறு பேரும் விரைவிலேயே படித்து முடித்துவிடுவார்கள். பிறகு அந்த அடுக்கின் பக்கம் வரமாட்டார்கள். சிதறி வாழும் சப்ரகமுவத் தமிழர்களுக்கு அப்படியே பொருந்தும் கருத்து இது.

இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமானதும் அன்று. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நூலகம் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதைத் தமிழுலகம் அப்போதே செய்து காட்டியிருக்கிறது.

எங்கே தவறுகிறது

இனி குறைகளைப் பார்ப்போம். இந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியா, வட ஐரோப்பா போன்ற நாடுகளின் அனுபவத்திலிருந்து எழுந்தவை. அங்கே வெளிநாட்டிலிருந்து குடிவந்தவர் நகரத்தில் வாழ்கிறார்; அவருக்கு வீட்டு முகவரி உண்டு; பஸ் ஏறினால் நூலகத்தில் இறங்கலாம். நூலகத்துக்குள் நுழைந்தபின் தன் மொழியில் எதுவும் இல்லையே என்பதே அவர் குறை. எனவே வழிகாட்டியின் கவனத்தில் பெரும்பகுதி நூல் சேகரிப்பின் மேல் குவிகிறது. தோட்டத் தொழிலாளியின் சிக்கலோ வாசலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதல் தடை சட்டத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த வடிவில், தோட்டங்களுக்குள் சபை தன் நிதியைச் செலவிட வழியில்லாமல் இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள். அந்த உறுப்பினர்களால் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குப் போகும் பாதைக்குக்கூடப் பணம் ஒதுக்க முடியவில்லை. 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகே அந்த நிலை மாறியது. நூலகம் சபையின் பொறுப்பு என்றால், தோட்டத்துக்கு நூலகக் கிளையோ வாசிப்பு நிலையமோ இல்லாமல் போனதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். எவ்வளவு நல்ல நூல் பட்டியலாலும் இதைச் சரிசெய்திருக்க முடியாது.

இரண்டாவது தடை உறுப்புரிமை. அங்கத்துவ விண்ணப்பத்தில் வரியிறுப்பாளர் ஒருவரோ அரச உத்தியோகத்தர் ஒருவரோ பிணைக் கையொப்பம் இட வேண்டும் என்பது நம் பொது நூலகங்கள் பலவற்றில் பழகிப்போன விதி. நூல் தொலைந்தால் யாரிடம் கேட்பது என்ற நியாயமான அச்சத்தில் பிறந்த விதிதான். ஆனால் லயக் காம்பராவில் வாழ்பவருக்குச் சொந்த வீடும் இல்லை, ஆதன வரியும் இல்லை. அவருடைய உறவினரும் அயலவரும் அதே நிலையில் இருப்பவர்கள். வீட்டுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதமே தோட்ட அலுவலகத்துக்குப் போய்த்தான் கைக்கு வருகிறது. இப்படிப்பட்டவரிடம் பிணையாளரைக் கொண்டுவரச் சொன்னால் வராதே என்று சொல்வதாகவே முடியும். யாரையும் விலக்க வேண்டுமென்று எழுதப்படாத ஒரு விதி ஒரு முழுச் சமூகத்தையே விலக்கிவிடுகிறது. பண்பாட்டைப் பற்றிப் பேசும் வழிகாட்டிகள் இத்தகைய சாதாரண அலுவலக விதிகளைப் போதிய அளவு கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது தடை நேரம். இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் விடியற்காலையில் தொடங்கி நண்பகலை ஒட்டி வேலை முடிப்பார். கொழுந்து பறிக்கும் பெண்ணோ மாலை வரை மலையில் நிற்பார். பிறகு வீட்டு வேலை. இருவருக்கும் ஒரே நேர அட்டவணை பொருந்தாது. பகலில் மட்டும் திறக்கும் நகர நூலகத்துக்கு அந்தப் பெண் வர வேண்டுமானால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்.

இத்தனை தடைகளுக்குப் பிறகு, தமிழ் நூல்களை யாரும் எடுப்பதில்லையே என்று நூலகர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. இரவல் பதிவேடு அப்படித்தான் காட்டும். ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்பது உள்ளே வர முடிந்தவர்களின் கணக்கு. அதை வைத்து அடுத்த ஆண்டு தமிழ் நூலுக்கான பணத்தைக் குறைத்தால், தடையின் விளைவையே தடைக்குக் காரணமாக ஆக்கிவிடுகிறோம்.

எந்தத் தமிழ்? எந்த வாசகர்?

தமிழ் அடுக்கு இருக்கும் இடத்திலும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். விலைக்கோரல் வழியாக மொத்தமாக வாங்கும்போது விற்பனையாளரிடம் இருப்பதே அடுக்குக்கு வருகிறது. மலையக எழுத்து சிறு பதிப்புகளாகவே வந்திருப்பதால் அது இந்த வழியில் எளிதில் சிக்காது. சி.வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப், சாரல்நாடன், மு. சிவலிங்கம் போன்றோரின் நூல்கள் இல்லாத தமிழ் அடுக்கு, தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் மொழியைத் தரும். தன் வாழ்வைத் தராது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் மலையக நூல்களும் இதழ்களும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு கணினியும் வழிகாட்ட ஒருவரும் இருந்தால் சிறிய சபையும் இந்தக் குறையை ஓரளவு தீர்த்துக்கொள்ளலாம்.

பகுப்பாக்க முறையும் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. டூயி தசாம்ச முறையில் சிங்கள இலக்கியம் 891.48இலும் தமிழ் இலக்கியம் 894.811இலும் அமர்கின்றன. மலையக நாவல் தமிழகத்து நாவல்களோடு கலந்துவிடுகிறது; மலையக வரலாறு 954.93இல் இலங்கை வரலாற்றோடு போய்விடுகிறது; தொழிலாளர் பற்றிய நூல் 331க்குப் போகிறது. தன் ஊரைப் பற்றி அறிய விரும்பும் மாணவி மூன்று மூலைகளில் தேட வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, சப்ரகமுவவில் இன்னொரு நிலைமையும் உண்டு. இங்குள்ள தோட்டப் பிள்ளைகள் பலர் சிங்கள மொழிமூலம் படிக்கிறார்கள். அருகில் உயர்தர வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலை இல்லாததும், தொழில் வாய்ப்புப் பற்றிய பெற்றோரின் கணிப்பும் இதற்குக் காரணங்கள். வீட்டில் தமிழ் பேசும் அந்தப் பிள்ளை சிங்களத்திலேயே சரளமாக வாசிக்கும். தமிழர் தமிழ் அடுக்குக்கு, சிங்களவர் சிங்கள அடுக்குக்கு என்ற பிரிவினை அந்தப் பிள்ளைக்கு இடமே வைக்கவில்லை. அதற்கு வேண்டியவை இருமொழிச் சிறுவர் நூல்கள், எளிய தமிழ் நூல்கள், சிங்களத்தில் மலையக எழுத்து. 2005 முதல் இலங்கையில் இயங்கிய ரூம் டு ரீட் நிறுவனம் சிங்களத்திலும் தமிழிலும் உள்ளூர்ச் சிறுவர் நூல்களை வெளியிட்டிருக்கிறது. இத்தகைய நூல்களைச் சபைகள் தாமாகவே தேடி வாங்க வேண்டும்.

தகவல் சேவையும் பண்பாட்டு வளத்துக்குள் அடங்கும். 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாள்களில் புலத்கொஹுபிட்டியப் பகுதியின் களுபஹனத் தோட்டத்திலும் மண்சரிவில் உயிர்கள் போயின. சரிவில் கட்டப்பட்ட லயங்களில் வாழ்வோருக்கு மண்சரிவு எச்சரிக்கை, இடர் வலய வரைபடம், நிவாரண விண்ணப்பம் ஆகியவை தமிழில் கிடைப்பது உயிர் சார்ந்த விடயம். சிறுகதைத் தொகுப்பு வாங்குவது எவ்வளவு முக்கியமோ இதுவும் அவ்வளவு முக்கியம்.

பொது அடுக்கின் தேவை

தனித் தமிழ் அடுக்கே பிரிவினையை வளர்க்கும், நூல்களைக் கலந்து வைக்க வேண்டும் என்றொரு வாதம் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. முதன்முதலாக நூலகத்துக்கு வரும் தொழிலாளி தயங்காமல் போய் நிற்க ஓரிடம் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் சிங்கள வாசகருக்கு அயலிலுள்ள தோட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாமலே போகும். ஓர் எடுத்துக்காட்டு: 1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டு இடம்பெயர்ந்தார்கள். முதலாவதை உலகம் அறியும். இரண்டாவதை அது நடந்த மாவட்டத்திலேயே இளையவர் பலர் அறியார்.

ஆகவே ஒவ்வொரு சபை நூலகத்திலும் மும்மொழியில் ஓர் உள்ளூர் வரலாற்று அடுக்கு வேண்டும். அங்கே துயரம் மட்டும் இருக்க வேண்டியதில்லை. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோயும் கேகாலைக் கிராமங்களில் இடதுசாரிகளின் சூரியமல் இயக்கத்தார் செய்த நிவாரணமும், 1936 தேர்தலில் ருவன்வெல்லையில் வென்ற இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேராவும், இறப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தொழிற்சங்கமும், நான்கு மதத்தவரும் ஏறும் சிவனொளிபாத மலையும் அதில் இடம்பெறட்டும். தோட்டத்து முதியவர்களின் தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்துப் பாடலும் ஒலிப்பதிவாகச் சேரட்டும். வாய்மொழி மரபைக் காக்கச் சொல்லும் இஃப்லா அறிக்கை இங்கே உண்மையிலேயே கைகொடுக்கும்.

சிங்கப்பூர் இதற்கு ஒரு பாடம் தருகிறது. அங்கும் தமிழர் சிறுபான்மையினர். தேசிய நூலக வாரியம் தமிழ் நூல்களைத் தெரிவு செய்யவும் வாசிப்பு நிகழ்ச்சிகளை நடத்தவும் தமிழறிந்த அலுவலர்களை வைத்திருக்கிறது. பணம் அவர்களிடம் அதிகம் என்பது உண்மை. ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்தவரே தமிழ் நூலைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தோர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை நம்மிடம் உண்டு. நூலகப் பணியில் அதை உறுதியாக நடைமுறைப்படுத்துவதே முதற்படி.

தொகுத்துச் சொன்னால், பன்மைப் பண்பாட்டு நூலகம் என்ற கொள்கை சரியானது. அதை நூல் சேகரிப்போடு நிறுத்திக்கொண்ட நடைமுறை போதாதது. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் இருமொழிப் போட்டி நடத்துவது நல்லதுதான். மற்றப் பதினொரு மாதங்களுக்கும் வேறு வேலைகள் இருக்கின்றன. சப்ரகமுவவின் பிரதேச சபைகளிடம் நான் கேட்பது நான்கு: பிணையாளர் விதியை நீக்கி, பாடசாலை அதிபரோ தோட்டத்துச் சிறுவர் நிலையப் பொறுப்பாளரோ தரும் உறுதிக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், மாதம் இருமுறையேனும் தோட்டத்துக்கு நூல் வண்டியை அனுப்புங்கள், தமிழ் நூல் தெரிவுக் குழுவில் தோட்டத்து ஆசிரியர் ஒருவரைச் சேருங்கள், உள்ளூர் வரலாற்று அடுக்கைத் தொடங்குங்கள். 2018இன் திருத்தத்துக்குப் பிறகு, தோட்டத்துக்குள் செலவிடச் சட்டம் இடம் தரவில்லை என்று சொல்ல எந்தச் சபையாலும் முடியாது.